அம்மாவின் பி.எஃப். புத்தகமும் என் நியமன ஆணையும்

போன மாதம் அம்மாவுக்கு பி.எஃப். பணம் வந்தது. முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊரில் முப்பத்தியொரு வருடம் பீடி சுற்றியவர் அவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு போட்டு, சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டுபோவார். அங்கே செக்கர் கட்டைப் பிரித்துப் பார்த்து, சுருட்டு சரியில்லை என்று ஒரு கைப்பிடியைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அந்தக் கடைவாசலில் அம்மா வாய் திறக்காமல் விழுங்கிய பேச்சுகளை நான் சிறுபிள்ளையாக நின்று கேட்டிருக்கிறேன். இருந்தாலும் வாரம் பிறந்தால் கூலி வந்தது. கூலியில் பி.எஃப். பிடித்தார்கள். அடையாள அட்டையில் அம்மாவின் பெயரும் எண்ணும் இருந்தன. இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியமும் வருகிறது.

பணம் வந்த அன்று இரவு அம்மா கேட்டார்: "உனக்கு இதுவரைக்கும் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள்?"

ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "வேலை பார்த்தால் பிடிப்பார்களே" என்றார்.

அம்மா கேட்டதற்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் 2020-இல் முனைவர் பட்டம் வாங்கினேன். 2022 அக்டோபரிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்டரல் ஆய்வாளராக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒரு திட்டத்தில் ஆய்வு செய்பவராக, இருந்தேன். தமிழில் மேலாய்வாளர் என்றும் முதுமுனைவர் ஆய்வாளர் என்றும் எழுதுகிறார்கள். ஊர் வாயில் இரண்டுமே நிற்கவில்லை. எதிர்வீட்டு ஆச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னுமா தாயி படித்து முடியவில்லை?" என்று கேட்பார். ஆச்சி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் கோப்பில் அதையேதான் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வருவது சம்பளம் இல்லையாம், உதவித்தொகையாம். நியமன ஆணையில், இப்பணி முற்றிலும் தற்காலிகமானது, இதைக் காட்டி நிரந்தரப் பணிக்கு எந்த உரிமையும் கோர இயலாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். நிரந்தரம் கேட்டு இதை எழுதவில்லை. செய்தது வேலை என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன், வேலைக்கு உரியதை மாதாமாதம் கொடுக்கச் சொல்கிறேன்.

என்ன வேலை என்று சொல்கிறேன். தாமிரபரணியில் ஆற்றுக்கற்களின் மேல் பழுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். கால் வைத்தால் சறுக்கும். அதில் பெரும்பங்கு டயட்டம் என்கிற ஒருசெல் பாசி. ஒவ்வொன்றும் சிலிக்காவால் தனக்கு ஒரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிந்திருந்தால் ஓரினம் பெருகும், சாக்கடை கலந்தால் வேறோர் இனம் பெருகும். நிட்சியா பேலியா என்று ஓர் இனம் உண்டு. கழிவு நிறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அது ஒரு துறையில் பெருகிக்கொண்டே போகிறது என்றால், மேலே எங்கேயோ கழிவு கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரசாயனப் பரிசோதனை அந்த நேரத்துத் தண்ணீரைச் சொல்லும். பாசி கடந்த சில வாரங்களைச் சொல்லும்.

பாபநாசம், அம்பாசமுத்திரம், திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஏழு இடங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வோர் இடத்திலும் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஐந்து கல் எடுத்து, மேல்புறத்தைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தட்டில் கழுவி, புட்டியில் ஊற்றி, நாளும் இடமும் எழுத வேண்டும். சீவலப்பேரித் துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "என்ன தாயி, கல்லுக்குப் பல் விளக்குகிறாயா?" என்று கேட்டார். உட்கார வைத்து விளக்கினேன். அடுத்த மாதத்திலிருந்து அவரே நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

ஆய்வகத்துக்கு வந்தால் அமிலத்தில் காய்ச்சி, கூட்டை மட்டும் பிரித்து, சிலைடு போட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் எண்ண வேண்டும். ஒரு சிலைடுக்கு நானூறு. பழகிய கண்ணுக்கே மூன்று மணி நேரம் ஆகும். பீடிக்கட்டை எண்ணுகிற அம்மாவின் விரல் வேகம் எனக்குக் கண்ணில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இதற்கு நடுவில் முனைவர் பட்ட மாணவர்கள் "அக்கா, இது என்ன இனம்?" என்று வருவார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருவது, கட்டுரையைத் திருத்துவது, அமிலம் வாங்க மூன்று விலைப்புள்ளி வாங்குவது எல்லாம் நான்தான். அடுத்த திட்டத்துக்கு முன்மொழிவு எழுதுவதும் நான்தான். ஆனால் முதன்மை ஆய்வாளர் என்ற கட்டத்தில் என் பெயர் வராது. நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம் என்பது பெரும்பாலான திட்டங்களின் விதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மூன்று மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. தண்ணீர் வடிந்ததும் நான் ஆற்றுக்குப் போனேன். கொக்கிரகுளத்தில் நான் பதினான்கு மாதம் தேய்த்த கற்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. கிடந்தவை புதுக் கற்கள். உருண்டு உருண்டு தோல் உரிந்த மாதிரி வெளுத்திருந்தன. தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. ஒரு பெருவெள்ளத்துக்கு முன்னால் பதினான்கு மாதக் கணக்கு கையில் இருக்க, வெள்ளத்துக்குப் பின்னால் முதல் வாரத்திலிருந்து பார்க்கக் கிடைப்பது ஓர் ஆய்வாளருக்கு ஆயுளில் ஒரு முறை வாய்த்தாலே அதிகம். ஜனவரியில் அக்னாந்திடியம் போன்ற சின்னஞ்சிறு இனங்கள் முதலில் வந்து ஒட்டின. பிப்ரவரியில் அவற்றின் மேல் வேறு இனங்கள். மார்ச்சில் சேரன்மகாதேவியில் கல் மறுபடி வழுக்கியது. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஏப்ரலில் பணம் நின்றது.

பணம் எப்படி வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மத்திய அரசின் நிதி நிறுவனம் வருடத்துக்கு ஒரு தவணையாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். மார்ச் 31-உடன் நிதியாண்டு முடியும். செலவுக் கணக்கு எழுதி, பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரித்து, தணிக்கையும் உயர் அலுவலர்களின் கையெழுத்தும் வாங்கி அனுப்ப வேண்டும். நாங்கள் அதை யூசி என்போம். யூசி போய்ச் சேர்ந்து, அங்கே ஒருவர் சரிபார்த்த பிறகுதான் அடுத்த தவணை. என் கோப்பு எங்கள் வளாகத்திலேயே ஒரு மேசையில் ஏழு வாரம் இருந்தது. காரணம், வங்கி வட்டியைத் திருப்பிச் செலுத்திய ரசீது இணைக்கவில்லை. வட்டி 212 ரூபாய். அது செலுத்தப்பட்டிருந்தது, ரசீது வேறொரு கோப்பில் இருந்தது. தேடி எடுத்துக் கொடுத்தது நான். கோப்பு வெளியே போன பிறகு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மாதம்.

ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஐந்து மாதம். அம்மாவின் சங்கிலி நகைக்கடனுக்குப் போனது. அதற்கு முன்னால் ஒரு வங்கியில் தனிநபர் கடன் கேட்டேன். சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். சம்பளமே இல்லாதவளுக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? வண்டி வைக்கவும் திட்டத்தில் பணம் இல்லாததால், ஏப்ரல் மாதம் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே பாபநாசம் வரை போனேன். மேயில் இரண்டு இடம் மட்டும் போனேன். ஜூன், ஜூலையில் போகவே முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் நீட் பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தேன். என் வழிகாட்டி நல்ல மனிதர், தன் கைப்பணத்தில் அமிலம் வாங்கிக் கொடுத்தவர். அவராலும் அதற்கு மேல் முடியவில்லை.

என் பதிவேட்டில் ஸ்ரீவைகுண்டத்துக்கான பக்கத்தில் மேயிலிருந்து ஆகஸ்ட் வரை நான்கு வரிசை வெறுமையாக இருக்கிறது. கீழ் ஆற்றில் பாசி பழைய நிலைக்கு எந்த மாதம் திரும்பியது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. செப்டம்பரில் நான் போனபோது திரும்பியிருந்தது. பின்னால் எத்தனை லட்சம் கொட்டினாலும் 2024 ஜூன் மாதத்துக் கல்லை யாரும் தேய்க்க முடியாது.

உதவித்தொகையின் அளவைக் குறை சொல்லவில்லை. ஆய்வாளர்கள் பல மாதம் போராடிய பிறகு, 2023-இல் வந்த ஆணைப்படி, ரிசர்ச் அசோசியேட் என்கிற ஆய்வு இணைவருக்கு, அதாவது என் போன்றவர்களுக்கு, மாதம் மூன்று படிநிலைகளில் 58,000, 61,000, 67,000 ரூபாய். முன்பு 47,000-இல் தொடங்கியது. எங்கள் ஊரில் இது பெரிய பணம். மாதாமாதம் வந்தால்.

இது பயிற்சிக் காலம், பயிற்சி பெறுபவர் ஊழியர் ஆகமாட்டார் என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் சொன்னார். சரி, அப்படியென்றால் யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிமுறையைப் பாருங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு ஆள் சலிக்கும் அட்டவணையில், கற்பித்தல் அனுபவமும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவமும் ஒரே வரியில் இருக்கின்றன: வருடத்துக்கு 2 மதிப்பெண், மொத்தம் 10 வரை. வகுப்பெடுத்தவரின் அனுபவத்துக்குச் சமமாக என் அனுபவத்தை எண்ணுகிற அரசு, கொடுக்கிற நேரத்தில் மட்டும் என்னை மாணவி என்று சொல்வது எந்த நியாயம்? ஜெர்மனியில் திட்டங்களில் சேரும் மேலாய்வாளருக்கும் பணிநிலை தற்காலிகம்தான். முனைவர் பட்டத்துக்குப் பிறகு பொதுவாக ஆறு ஆண்டு என்று சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. ஆனால் அவர் பொதுத்துறை ஊதிய அட்டவணையில் 13-ஆம் படிநிலையில் வருகிறார்; ஓய்வூதியக் காப்பீடு பிடிக்கிறார்கள், மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தற்காலிகப் பணி என்பதற்காக ஒருவரை ஊழியர் இல்லை என்று அங்கே சொல்வதில்லை. முக்கூடல் பீடிக்கடையிலும் சொல்லவில்லையே.

இதில் அதிகம் அடிபடுவது முதல் தலைமுறையாகப் படித்து வருபவர்கள்தான். அப்பா பேராசிரியராக இருந்தால் ஐந்து மாதம் தாங்கலாம். எங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே தாமதமாகத்தான் வந்து சேர்கிறோம். எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் தனியார் பள்ளியில் வேலை, பிறகு ஆறு வருடம் ஆய்வு. அதற்குள் முப்பது தாண்டிவிடும். தேசிய உதவித்தொகை ஒன்றில் பொது வயது வரம்பே 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடம் தளர்வு உண்டு. என்னோடு ஆய்வு செய்த தோழி ஒருத்தி, வெளவால்களைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை, இப்போது தென்காசியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாள். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது என்று சொன்னாள். அவளை மறுபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

செய்ய முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. பல திட்டங்களில் மின்சாரம், அலுவலகம் போன்ற செலவுகளுக்காக நிறுவனத்துக்கென்று மேற்செலவுத் தொகை தனியாக வருகிறது. அதில் ஒரு பங்கைச் சுழல்நிதியாக ஒதுக்கி, தவணை தாமதமானால் ஆய்வாளருக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, தவணை வந்ததும் ஈடு செய்துகொள்ளலாம். இதற்கு டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை, ஒரு வளாகத்துக்குள் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். யூசி எந்த மேசையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஆய்வாளர் பார்க்கும்படி வையுங்கள். பி.எஃப். மத்திய அரசு முடிவு செய்ய வேண்டியது, அதற்கு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். கேட்கத் தொடங்கவாவது வேண்டும்.

என் திட்டம் செப்டம்பரோடு முடிந்துவிட்டது. கட்டுரை எழுதி முடிக்க இன்னும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், சம்பளம் இல்லாமல். இதோடு ஒரு மனுவும் எழுதுகிறேன். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் எந்தக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மேலாய்வாளராகவோ திட்ட ஆய்வாளராகவோ இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், உள்பெட்டியில் எனக்கு இரண்டு தேதி மட்டும் அனுப்புங்கள்: யூசி கொடுத்த தேதி, பணம் கைக்கு வந்த தேதி. யார் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மனுவில் வராது. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் சேர்த்துவிடுவேன்.