சந்தானம் இல்லாத குட்டிச்சாத்தான் வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ பார்த்தேன். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து. இத்தனை வருடம் தேடிய படம் கிடைத்துவிட்டதா என்று கேட்டால், பாதி கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1984 ஆகஸ்டில் மலையாளத்தில் வந்த படம், இந்தியாவின் முதல் 3டி. எங்கள் ஊருக்கு அது தமிழ் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. சித்தப்பா என்னையும் அக்காவையும் கூட்டிப்போனார். வாசலில் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள், படம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து நீண்டு வந்த ஐஸ்க்ரீமை இன்னொரு கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் தலையில் ஒரு தட்டு விழுந்தது. அவர் திட்டவில்லை, அவர் கையும் அந்தரத்தில்தான் இருந்தது.

அப்போது மெட்ராஸ் ஐ பயம் வேறு. அந்தக் கண்ணாடியைப் போட்டால் கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று புரளி கிளம்பி, கண்ணாடிகளைச் சுத்தம் செய்துதான் தருகிறோம் என்று திரையிலேயே சொல்ல வேண்டிவந்தது. அம்மா அதையெல்லாம் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் இரண்டு பேர் கண்ணையும் கழுவிவிட்டார்.

பிறகு படம் காணாமல் போனது. கேசட் கடை, சிடி கடை, பர்மா பஜார் என்று எங்கே கேட்டாலும் இல்லை, இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று. அந்த ‘வேறு ஏதோ’தான் என் கோபம். இந்தப் படத்தை மறுபடி ரிலீஸ் செய்யும்போதெல்லாம் புதிதாக ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். 1997இல் மலையாளத்தில் கூடுதல் காட்சிகள். அடுத்த வருடம் இந்தியில் ‘சோட்டா சேத்தன்’ ஆனபோது இந்தி நடிகை ஊர்மிளா வந்தார். 2010இல் தமிழில் ‘சுட்டிச் சாத்தான்’ என்று வந்ததில் பிரகாஷ்ராஜும் சந்தானமும். சந்தானம் காமெடிக்கு நான் விழுந்து விழுந்து சிரிக்கிறவன்தான். ஆனால் என் ஏழு வயதுக்குள் அவருக்கு என்ன வேலை?

வியாபாரக் கணக்கு புரியாமல் இல்லை. புது முகம் இருந்தால் போஸ்டர் ஒட்டலாம். படத்தைத் தயாரித்த அப்பச்சனும் அதை இயக்கிய அவர் மகன் ஜிஜோவும் துணிந்து பணம் போட்டவர்கள், அவர்கள் படத்தை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். ஆனால் பழையதையும் அப்படியே ஓர் ஓரமாக வைத்திருக்கக் கூடாதா? பாட்டியின் பட்டுப்புடவையை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைத்துவிட்டு, அதே புடவைதான் என்று சொன்னால் எப்படி?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் மலையாளப் பிரதி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது 2டி. 3டி என்பது ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கும் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு படமாக எடுப்பது. கண்ணாடி அந்தந்தப் படத்தை அந்தந்தக் கண்ணுக்குப் பிரித்துக் கொடுக்கும். சாதாரண வெள்ளைத் திரையில் அது கலங்கிவிடும் என்பதால் வெள்ளி பூசிய திரை வேண்டும். அத்தனையும் ஒன்றுகூடியதால்தான் ஐஸ்க்ரீம் என் மூக்குக்கு வந்தது. நான் இப்போது பார்த்தது ஒரு கண்ணுக்கான படத்தை மட்டும்.

விளைவு, படத்தில் எல்லோரும் எதையாவது கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். “ஏம்ப்பா இவங்க எல்லாத்தையும் நம்மகிட்டயே காட்டுறாங்க?” என்றாள் மகள். ஐஸ்க்ரீம் வந்தபோது அவளைத் திரும்பிப் பார்த்தேன். கொட்டாவி விட்டாள்.

ஆனால் பிள்ளைகள் சுவரில் நடந்து கூரையில் ஏறித் தலைகீழாக ஆடும் பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இளையராஜா இசை. “கயிறு கட்டித் தூக்கிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல கயிற அழிச்சிட்டாங்களா?” என்றாள். கயிறும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அறையையே செட்டாகப் போட்டு அப்படியே சுழற்றியிருக்கிறார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்து சுற்றும், பிள்ளைகள் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். இதை விளக்க ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து உருட்டிக் காட்டினேன். பாட்டை மூன்று தடவை போடச் சொன்னாள். கண்ணாடி இல்லாமலும் நின்றது அது ஒன்றுதான்.

எனக்கு நினைவே இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. படத்தில் வரும் சிறுமி லட்சுமியின் அப்பா குடிகாரர். குட்டிச்சாத்தான் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதைப் பார்த்துச் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. குடித்துவிட்டு வரும் அப்பாவை அந்தப் பெண் பார்க்கும் பார்வை மட்டும் எப்படி விட்டுப்போனது? அன்றைக்கு அது எனக்கு வெறுமனே அடுத்த வித்தை வரும்வரை காத்திருக்கும் நேரமாக இருந்திருக்கும். இப்போது அந்த இடங்களில்தான் ப்ளேயரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். ஐஸ்க்ரீம் அவளுக்கு நினைவில்லை. கண்ணாடியைத் திருப்பித் தர மாட்டேன் என்று நான் தியேட்டர் வாசலில் புரண்டு அழுததுதான் நினைவிருக்கிறதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

எண்பதுகளின் தமிழ் டப்பிங் பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கோடு விழுந்திருந்தாலும் பரவாயில்லை, சத்தம் இரைந்தாலும் பரவாயில்லை.