தீயைக் காத்தவர்களைப் பற்றியும் பேசுங்கள்

ஒரு பேச்சாளர் விழா மேடையில் பேசிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "தீயை அடக்கியவன் ஆண், அவன் நாகரிகத்தைக் கட்டினான், பெண் அதில் சோறு பொங்கினாள்" என்று அவர் சொன்னதும் அரங்கமே அதிர்ந்ததே, அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முன்வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நிதானமாகவே சொல்கிறேன். தீயை மூட்டக் கற்றது பெரிய காரியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நம்மை ஒரு சமூகமாக்கியது, அதை அணையாமல் காத்த வேலை.

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சாம்பலும் எரிந்த எலும்புகளும் கிடைத்திருக்கின்றன; அது தீயைப் பயன்படுத்தியதன் தடயம். மனிதர்கள் தாங்களே தீ மூட்டியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தடயமோ இங்கிலாந்தின் பார்ன்ஹாமில் இருக்கிறது. அதன் வயது சுமார் 4 லட்சம் ஆண்டு. சிக்கிமுக்கிக் கல்லோடு உரசிப் பொறி பறக்கவைக்கும் பைரைட் துண்டுகளை அங்கே எடுத்திருக்கிறார்கள். ஆய்வு 2025 டிசம்பரில்தான் வெளிவந்தது. நாளைக்கு இன்னும் பழைய தடயம் கிடைக்கலாம். கிடைக்கட்டும். தீ மூட்டத் தெரியாத முந்தைய காலம் முழுக்க என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். மின்னல் விழுந்து எரிந்த காட்டிலிருந்து கொண்டுவந்த நெருப்பு. அது ஒரு மழையில் அணைந்தால், அடுத்த காட்டுத்தீ வரைக்கும் குளிரும் இருட்டும் பச்சைக்கறியும்தான். ஆகவே யாரோ விறகு பொறுக்கினார்கள். யாரோ கண்விழித்தார்கள். ஒரே ஆள் எல்லா இரவும் விழித்திருக்க முடியாது; இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று முறை வைத்தாக வேண்டும். நான் விழித்திருந்த இரவுக்குக் கூலியாக உன் வேட்டையில் எனக்குப் பங்கு வேண்டும். நாகரிகம் என்று மேடையில் முழங்குகிறீர்களே, அது இந்த முறைவைப்பில்தான் தொடங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சோறு பொங்கியதை இளக்காரமாகச் சொன்னாரே, அதற்கும் பதில் இருக்கிறது. நம் மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஓய்வாக இருக்கும்போதே உடலின் சக்தியில் 20 விழுக்காட்டைத் தின்கிறது. சமைத்த உணவு எளிதில் செரித்ததால்தான் அப்படி ஒரு மூளைக்குத் தீனி போட முடிந்தது என்பது மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் வாதம். சமையல் எப்போது தொடங்கியது என்ற காலக்கணக்கில் அவரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. சமையல் அற்பமானது என்று அவர்களும் சொல்வதில்லை.

இன்னொன்று. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஜுஹோவான்சி மக்களோடு பல காலம் இருந்து ஆராய்ந்த மானுடவியலாளர் பாலி வீஸ்னர் 2014இல் எழுதினார்: பகல் பேச்சில் பெரும்பகுதி குறைகூறலும் பிழைப்புக் கணக்கும், கதை 6 விழுக்காடு, இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்தால் 81 விழுக்காடு கதை. கதையும் பாட்டும் வந்த அந்த இரவுகளில் தீக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் யார்?

"காத்தது பெண்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று வருவீர்கள். சாம்பலை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, உண்மை. அவர் "ஆண்" என்று அடித்துச் சொன்னபோது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? எழுத்தில் பதிவான காலத்துக்கே வாருங்கள். பண்டைய ரோமில் அடுப்புத் தீயின் தெய்வமான வெஸ்டாவின் கோயில் தீயை 30 ஆண்டுப் பணியாகக் காத்தவர்கள் பெண்கள். அணையவிட்டால் அவர்களுக்குச் சவுக்கடி.

"சமையலறையைப் புனிதமாக்கிப் பெண்களை மறுபடி அங்கேயே கட்டிப்போடப் பார்க்கிறாயா?" இது மட்டும் நியாயமான கேள்வி. இல்லை. அந்த வேலைக்கு உரிய மதிப்பைத்தான் கேட்கிறேன். அதைப் பெண்தான் செய்ய வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

"சும்மா பேச்சுவாக்கில் சொன்னது" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினார். கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கிய இருவரின் பெயர் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். குச்சி அடுக்கிய விரல்களில் ஒன்றின் பெயராவது யாருக்காவது தெரியுமா? நாளெல்லாம் குச்சியோடு கிடந்த அம்மா, வீட்டில் ஒரு குச்சியை வீணாக்க மாட்டார். ராத்திரி அடுப்புக் கங்குகளைச் சாம்பலில் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி, ஊதாங்குழலை வைத்து ஊதுவார். பக்கத்து வீட்டு அத்தை கொட்டாங்குச்சியில் கங்கு வாங்கிப்போவார். கொடுக்கக்கூடாது என்று ஊர் சொன்ன வீடுகளும் இருந்தன. ஊர்விலக்கு வைத்தால் நெருப்பும் தண்ணீரும் கிடையாது. ரோமானியச் சட்டத்திலும் ஒருவனை வெளியேற்ற இதே இரண்டையும்தான் மறுத்தார்கள். யாருக்கு நெருப்புக் கொடுப்பது என்பதில்தான் யார் நம்மவர் என்பதையே முடிவு செய்திருக்கிறோம். அம்மா விலக்கு வைத்த வீட்டுக்கும் கொல்லைப்பக்கமாகக் கங்கு கொடுத்தனுப்பியவர்.

கடைசியில் அம்மா மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று டாக்டர் கேட்டார். விறகுப் புகையைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் அடுப்புப் புகை போன்ற வீட்டுக் காற்று மாசால் செத்திருக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. எங்கள் வீட்டுக்கு காஸ் வந்தபோது அம்மாவால் நாலு படி ஏற முடியவில்லை.

இதையெல்லாம் ஒரே வரியில் "சோறு பொங்கினாள்" என்று முடித்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போகிறார். அந்த வரியை அவர் திரும்பப் பெறும்வரை, அவர் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் என் வகுப்புப் பிள்ளைகளை நான் அழைத்துப்போக மாட்டேன். நிர்வாகம் கேட்டாலும் இதுதான் பதில்.