1.8 மீட்டரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன், விண்வெளிக்கு அனுப்பத் திட்டமிட்ட பிரைமா என்ற தொலைநோக்கியின் படத்தைத் திரையில் போட்டு, "கண்ணாடி 1.8 மீட்டர்" என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பழைய ஹெர்ஷல் தொலைநோக்கிக்கே மூன்றரை மீட்டர். இவங்க ரிவர்ஸ் கியர்ல போறாங்களா?" மண்டபமே சிரித்தது. தம்பி உட்கார்ந்துவிட்டான்.

ஐயா, பிரைமா பார்க்கப்போவது தொலை அகச்சிவப்பு, குளிர்ந்த பொருள்களும் வீசும், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதில் கண்ணாடி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. குளிராக இருக்கணும்.

விண்வெளியில் 30 கெல்வினில், அதாவது மைனஸ் 243 டிகிரி செல்சியஸில், கிடக்கும் தூசு சுமார் 100 மைக்ரான் அலைநீளத்தில்தான் பளிச்சென்று ஒளிரும். ஹெர்ஷலின் கண்ணாடி ஏறக்குறைய 85 கெல்வின். அதாவது கண்ணாடியே அந்த அலைநீளத்தில் ஒளிர்ந்தது. கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்கப் படகேறி, கையில் டார்ச் லைட்டை எரியவிட்டுக்கொண்டு உட்காருவது மாதிரி. பிரைமாவின் திட்டம் 4.5 கெல்வின். டார்ச் அணைந்துவிட்டது. முந்தைய விண்வெளித் தொலைநோக்கிகளில் ஸ்பிட்சருக்குக் கண்ணாடி 85 சென்டிமீட்டர்தான், ஐராஸுக்கு 57தான். இரண்டும் குளிரை வைத்தே சாதித்தவை.

"ஜேம்ஸ் வெப் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது, 28 மைக்ரானோடு நின்றுவிடும். அதற்கு மேலே காற்றிலுள்ள நீராவி மறைத்துக்கொள்ளும், தரையிலிருந்து பார்க்க வழியில்லை. விமானத்தில் பறந்த தொலைநோக்கி சோஃபியாவை 2022இல் நிறுத்தினார்கள். ஸ்பிகா என்ற விண்வெளித் தொலைநோக்கித் திட்டத்தை 2020இல் காகிதத்திலேயே கொன்றார்கள். ஹெர்ஷல் 2013 ஏப்ரலில், கருவிகளைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் தீர்ந்து போய்ச் சேர்ந்தது.

அந்த ஹீலியம் கதை நம் ஊர் மீன்காரரின் வெள்ளைப் பெட்டிக் கதைதான். விடியற்காலையில் ஐஸ் நிரப்புவார், பதினொரு மணிக்கு அடியில் தண்ணீர், வியாபாரம் முடிந்தது. ஹெர்ஷல் 2,300 லிட்டருக்கு மேல் ஏற்றிப் போயும் நான்கு வருஷம்தான் தாங்கியது. இனி வருவது கம்ப்ரஸர் வைத்த பெட்டி. ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவி அப்படித்தான் 7 கெல்வினுக்குக் கீழே ஓடுகிறது. அதற்கும் கீழே, 0.1 கெல்வின் பக்கம் போக, காந்தப்புலத்தில் வைத்த உப்புப் படிகம்: புலத்தை ஏற்று, வரும் சூட்டை வெளியே தள்ளு, பிறகு புலத்தை மெதுவாக இறக்கு, படிகம் குளிரும்.

அவ்வளவு குளிர் எதற்கு? ஒளியை உணரும் டிடெக்டருக்கு. அதிலுள்ள அலுமினியப் படலம் 1.2 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீகடத்தி. ஒளி விழுந்தால் எலக்ட்ரான் ஜோடிகள் உடையும், மின்சுற்றின் சுருதி, அதாவது அதிர்வெண், இறங்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு சுருதி என்பதால் ஆயிரம் பிக்சலை ஒரே கேபிளில் கேட்கலாம். முன்பு பிக்சலுக்குப் பிக்சல் கம்பி, கம்பிக்குக் கம்பி சூடு. தலைவலி இல்லாமலில்லை. படலத்தின் தடிமன் கொஞ்சம் மாறினால் இரண்டு பிக்சல் ஒரே சுருதியில் மோதும். குளிரவைத்து, எல்.இ.டி. ஒளி அடித்து எந்தச் சுருதி எந்தப் பிக்சல் என்று கண்டுபிடித்து, சுற்றிலுள்ள கெபாசிட்டரின் விரல் போன்ற கோடுகளைச் சீவிச் சுருதியை மாற்றி, மறுபடி குளிரவைக்கணும். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று விழுந்தால் சிப் முழுக்க அதிரும். அதை விழுங்கப் பின்பக்கம் ஓர் உலோகப் பூச்சு.

கூர்மை குறையுமே என்பவருக்கு: குறையும். 100 மைக்ரானில் பிரைமா பிரித்துக் காட்டும் இடைவெளி சுமார் 14 ஆர்க் வினாடி (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் வினாடி), ஹெர்ஷலுக்கு 7. பக்கத்துப் பக்கத்து விண்மீன்மண்டலங்கள் ஒன்றாகக் கலங்கித் தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன். நிறமாலைக் கோடுகளை வைத்துப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

நாசா 2024இல் பிரைமாவையும் எக்ஸ்-கதிர் திட்டமான ஆக்ஸிஸையும் ஆய்வுக்கு எடுத்தது. ஒன்றுதான் 2032இல் பறக்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. ஆக்ஸிஸ்தான் முக்கியம் என்று வாதாடுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். ரிவர்ஸ் கியர் என்றால் கேட்க மாட்டேன்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கீழே எழுதப்போகிறவருக்கு: அந்த ஸ்லைடைத் தயாரித்தது தோட்டத்துப் பிள்ளை. அதைப் படிக்காமல் சிரித்தது படித்தவர்கள். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது.

தம்பி, அடுத்த முறை 1.8 மீட்டரைச் சின்ன எழுத்தில் போடு, 4.5 கெல்வினைத் திரை நிறையப் போடு. பின்வரிசை நாற்காலிகளை நான் முன்னால் இழுத்துப் போட்டுவைக்கிறேன்.