அரை விநாடி உறுத்துகிறவர்கள்

2024 மார்ச் கடைசியில் ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். கணக்கு சரியாக வரவேண்டும் என்றால் கணினியில் வேறு எதுவும் ஓடித் தொந்தரவு செய்யக் கூடாது. ஆனால் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல், காரணமே இல்லாமல் பிராசசரை அதிகமாகத் தின்றுகொண்டிருந்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. அரை விநாடி! நம்மில் பெரும்பாலோர் "நெட் ஸ்லோ போல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவரால் அப்படி விட முடியவில்லை. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் தென்பட்ட சின்னப் பிழைச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தோண்டிக்கொண்டே போனவர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்திருந்த பின்கதவில், அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய விட்ட ஒரு வழியில், போய் நின்றார். மார்ச் 29 அன்று ஊரறியச் சொன்னார். கவனிக்காமல் விட்டிருந்தால் அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் முக்கியமான பதிப்புகள் வழியாக எண்ணற்ற சர்வர்களுக்குள் சத்தமில்லாமல் குடியேறியிருக்கும்.

கீக் என்றால் யார் என்று யாராவது கேட்டால் நான் இந்த அரை விநாடியைத்தான் சொல்வேன். அறிவாளி, படிப்பாளி, கணினிப் புலி என்பதெல்லாம் வேறு விஷயம். வகுப்பில் முதலிடம் வாங்குகிற பிள்ளை தேர்வு முடிந்த அன்றே பாடத்தை மறந்துவிடலாம். அவனுக்குத் தேவைப்பட்டது மதிப்பெண். கீக்குக்கோ ஒரு சின்ன விஷயம் உறுத்த ஆரம்பித்தால், அது தீரும்வரை தூக்கம் வராது. அதைத் தீர்ப்பதால் பத்துப் பைசா பிரயோசனம் உண்டா என்ற கேள்வி அவருக்கு எழுவதே இல்லை. சுற்றியிருப்பவர்களுக்குத்தான் எழும். அங்கேதான் தகராறு தொடங்குகிறது.

மார்ஜரி ரைஸ் கதையைத் தெரிந்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் சான்டியாகோவில் ஐந்து பிள்ளைகளின் தாய். பள்ளிக்கூடக் கணக்கோடு படிப்பு முடிந்துவிட்டது. 1975இல், மகனுக்காக வரவழைத்த சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியைப் படிக்கிறார். ஒரே வடிவ ஐங்கோணங்களை இடைவெளியே இல்லாமல் அடுக்கித் தளம் முழுவதையும் நிரப்ப எத்தனை வழிகள் உண்டு என்ற புதிர் அது. பட்டியல் முடிந்துவிட்டது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். ரைஸுக்கு முறையான கணிதக் குறியீடுகள் தெரியாது. அதனால் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை அவரே உண்டாக்கிக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் யாரும் அறியாத நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அவருடைய அடுக்குகளில் ஒன்று, பிற்பாடு வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைமையகத்தில் தரை ஓடாகவே பதிக்கப்பட்டது.

ஆனால் எனக்கு அந்தத் தரையைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சமையல் மேடையில் வைத்து வரைவாராம். யாராவது வந்தால் சட்டென்று மூடிவிடுவாராம். என்ன செய்கிறாய் என்று கேட்டால் விளக்கவேண்டுமே, அதைத் தவிர்க்கத்தான். அவர் மூடிவைத்தது ஒன்றும் குற்றமில்லை. ஐங்கோணம்!

அந்தக் கையின் அவசரம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஏதாவது ஒன்றில் பித்துப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் புரியும். "இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. "சும்மாதான்" என்று சொன்னால் கேட்டவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒளித்துவைக்கப் பழகிக்கொள்கிறோம். பெண்கள் இன்னும் சீக்கிரமாகப் பழகிக்கொள்கிறார்கள். ஆணுக்கு "அவன் ஒரு மாதிரி, விட்டுடு" என்று ஒரு சலுகையாவது கிடைக்கும். பெண்ணின் பொழுது மட்டும் எப்போதும் வேறு யாருக்கோ கடன்பட்டதாகவே இருக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது, கீக் என்பதே பெருமை என்கிறார்கள். டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள், மே 25ஐ அதற்கென்று ஒரு நாளாகவும் கொண்டாடுகிறார்கள். சரி, கொண்டாடட்டும். ஆனால் சமூகம் ஏற்றுக்கொண்டது கீக்கை இல்லை, அவருடைய சம்பளச் சீட்டை. கணினியில் பைத்தியமாக இருந்த சிலர் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். உடனே அந்தப் பைத்தியம் மட்டும் திறமை என்று பெயர் மாறியது. நத்தை ஓடுகளைப் பற்றி மூன்று மணிநேரம் பேசக்கூடியவர் இன்றைக்கும் வேலையற்றவர்தான். பழைய ரயில் கால அட்டவணைகளைச் சேர்ப்பவர், எழுத்துருக்களின் வளைவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர் எல்லாம் அதே வரிசைதான்.

வில்சன் பென்ட்லியும் அந்த வரிசையில் நின்றவர்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு விவசாயி. பனித்துகள்களை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுப்பதுதான் அவருடைய பித்து. 1885இல் முதல் படம் தேறியது. 1931இல் சாகும்வரை விடவில்லை. ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். பனியைப் படம் எடுத்தால் மாடு கூடுதலாகப் பால் கறக்குமா என்ன? ஆனாலும் இன்று பனித்துகளின் ஆறு கரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய படங்களைத் தொடாமல் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. முப்பது வருட ஆட்டங்களின் ஸ்கோரை மனப்பாடமாக ஒப்பிக்கிறவரை யாரும் கீக் என்பதில்லை. அவர் தீவிர ரசிகர். பத்து ஆண்டுகளுக்கு முன் யார் யாரை எத்தனையாவது நிமிடத்தில் வென்றார்கள் என்று சொன்னால் கூட்டமே கைதட்டும். அதே நினைவாற்றலை ஒருவர் பாசிகளின் பெயர்களில் காட்டினால் "ஏதாவது பிரச்சினையா இவருக்கு?" என்று காதோடு கேட்பார்கள். பித்தின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். கூட்டத்தோடு சேர்ந்து பித்தாக இருந்தால் கொண்டாட்டம், தனியாக இருந்தால் கோளாறு. (யாராவது ஒரு விஷயத்தில் ஆழமாகப் போனால் உடனே "ஆட்டிசமா இருக்குமோ" என்று நோய்ப் பெயர் சூட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது மருத்துவர் சொல்லவேண்டியது. உண்மையிலேயே ஆட்டிசம் உள்ளவர்களையும் இது கேலிப்பொருளாக்குகிறது.)

அதற்காகக் கீக்குகள் எல்லாம் அப்பாவிகள் என்றும் சொல்லமாட்டேன். வெளியே வாங்கிய அடியை உள்ளே வருகிறவர்கள்மேல் இறக்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. புதிதாக ஒருவர் ஆர்வத்தோடு வந்து ஒரு கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பதுதான் முதல் வரவேற்பு. அதுவும் வந்தவர் ஒரு பெண் என்றால் வாசலிலேயே நுழைவுத்தேர்வு. 1940களில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். அந்த இயந்திரம் 1946இல் உலகுக்கு அறிமுகமானபோது அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வழியில் வந்த துறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்ணிடம் "உண்மையிலேயே புரோகிராம் எழுதுவீங்களா?" என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மறுபடி எக்ஸ்இசட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் ஃபிராய்ண்டின் பெயர் பரவிய அளவுக்கு மற்ற பாதிக் கதை பரவவில்லை. அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாசே காலின். உலகமே பயன்படுத்துகிற ஒன்று. அவருக்கோ அது சம்பளமில்லாத பொழுதுபோக்கு. 2022இல் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் சிலர் அவரை விரட்டினார்கள்: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போ. நீண்டகாலமாக மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது ஊதியமில்லாத வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். விரட்டல் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்லபிள்ளையாக உதவிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, கடைசியில் பின்கதவை வைத்தது அந்தக் கணக்குதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றுவரை துலங்கவில்லை. விரட்டியவர்களும் அதே சதியின் போலிக் கணக்குகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலருக்கு உண்டு.

ஆனால் அந்த விரட்டல் அப்போது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லையே, அதை யோசித்துப் பாருங்கள். இலவசமாக உழைக்கிறவரை அதட்டி வேலை வாங்குவது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால்தான் சதிகாரரின் குரல் கூட்டத்தோடு கலந்துவிட்டது. காலின் என்ன செய்தார்? திரும்பி வந்து, நிரல் முழுவதையும் சோதித்து, 2024 மே மாத இறுதியில் பின்கதவு நீக்கிய 5.6.2 பதிப்பை வெளியிட்டார். நீங்கள் இதைப் படிக்கிற கருவிக்கும் சர்வருக்கும் நடுவில் எங்காவது அவருடைய நிரல் ஓடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.