டெபோரா கெர் ஹாலிவுட்டுக்கு முன்பே நட்சத்திரம்

பிரிட்டிஷ் நடிகை டெபோரா கெர் பற்றிய உங்கள் கட்டுரையில், அவரது திரைவாழ்வே ஹாலிவுட்டில்தான் ஆரம்பித்தது போல எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய ஏழு வருடம் அப்படியே விடுபட்டுவிட்டது.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து நாம் 'கெர்' என்கிறோம். அவர் சொன்னது 'கார்'. 'ஸ்டார்' என்பதோடு எதுகை சேரும் என்று ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். விளம்பரமே செய்தது.

1921 செப்டம்பர் 30, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறப்பு. சின்ன வயது ஹெலன்ஸ்பரோவில். பிரிஸ்டலில் அத்தை நடத்திய நாடகப் பள்ளியில் பயிற்சி, பிறகு லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் நடனக் குழுவில் பாலே. நடனத்தை விட்டுவிட்டு லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள். 1940இல் முதல் படம் 'கான்ட்ராபாண்ட்'. அவர் நடித்த காட்சியை வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே 'மேஜர் பார்பரா' படத்தில் ஜென்னி ஹில் என்ற வேடம்.

1943இன் 'கர்னல் பிளிம்ப்' படத்தை அவசியம் பாருங்கள். எடித், பார்பரா, ஏஞ்சலா என்று மூன்று தலைமுறைப் பெண்கள், மூன்றும் அவரே. கூந்தலும் உடையும் மாறுவது இருக்கட்டும், பேச்சின் வேகத்தைக் கவனியுங்கள். எடித் ஆசிரியை, சொல்லை அளந்து பேசுவாள். ஏஞ்சலா ராணுவ வண்டி ஓட்டுபவள், படபடவென்று கொட்டுவாள். அப்போது அவருக்கு 21 வயதுதான்!

அவர் நடித்த 'பிளாக் நார்சிசஸ்' (1947) இமயமலையில் நடக்கும் கதை, ஆனால் அங்கே எடுத்த படம் அல்ல. பெரும்பகுதி இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில்; மலைகள் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்கள். அந்த ஆண்டு நியூயார்க் திரை விமர்சகர்கள் விருது அவருக்குத்தான் கிடைத்தது.