பழைய பவுண்டு நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்

"காகித பவுண்டு நோட்டெல்லாம் 2022-லேயே செல்லாமல் போச்சு, இனி வெறும் தாள்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பினால் யாராவது பணத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் சட்டப்படி செல்லும் பணம் என்ற தகுதியை இழந்தன. அவ்வளவுதான். பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து, தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டையும் முழு மதிப்புக்கு மாற்றித் தரும். அதற்குக் கடைசித் தேதியே கிடையாது. 2017-ல் போன 5 பவுண்டுக்கும், 2018-ல் போன 10 பவுண்டுக்கும் இதே கதைதான். நம் ஊரில் 2016-ல் 500, 1000 ரூபாய்க்குக் கெடு வைத்த அனுபவம் மனதில் இருப்பதால், அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

என் பெரியம்மா பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் படம் போட்ட 20 பவுண்டு காகித நோட்டுகள் நான்கு இருந்தன. "பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்" என்றாராம் ஒருவர். தயவுசெய்து அப்படி விற்காதீர்கள். லண்டன் த்ரெட்நீடில் தெருவில் இருக்கும் வங்கியின் கவுன்டரில் மாற்றலாம். தபாலிலும் அனுப்பலாம், விண்ணப்பப் படிவமும் அடையாளச் சான்றும் வேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்காட்லாந்து வங்கிகளின் பெயர் அச்சிட்ட நோட்டு என்றால் அந்தந்த வங்கியைத்தான் கேட்க வேண்டும்.