ஐந்தாம் மாடி வீட்டுக்கும் வெள்ளக் காப்பீடு உண்டு

‘அமெரிக்காவில் மேல்மாடி காண்டோவுக்கு (அடுக்குமாடிச் சொந்த வீடு) வெள்ளக் காப்பீடு தேவையில்லை’ என்று பரவும் தகவல் தவறு. வீட்டுக் கடன் தரும் வங்கி பார்ப்பது மாடியை அல்ல, கட்டடத்தை. அதன் ஒரு மூலை ஃபீமா (அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வரைபடத்தில் வெள்ள அபாயம் அதிகமுள்ள ஏ, வி மண்டலங்களைத் தொட்டாலே கட்டாயம்தான்.

குடியிருப்புச் சங்கம் முழுக் கட்டடத்துக்கும் எடுத்த பொதுப் பாலிசி இருப்பதால் மட்டும் கவலை தீராது, தொகையைப் பாருங்கள். 50 வீடுகள், மறுபடி கட்ட 1 கோடி டாலர், பாலிசி 80 லட்சம் என்றால் வீட்டுக்கு 1,60,000தான். கடன் 2,00,000 என்றால் மீதி 40,000க்கு நீங்கள் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்து 45 நாளில் எடுக்காவிட்டால் வங்கியே எடுத்து, பிரீமியத்தை உங்கள் தலையில் கட்டும்.

வரைபடமே தவறா? பாலிசியில் ‘எக்ஸ்’ (அபாயம் குறைந்த) மண்டலம் என்று அச்சாகியிருப்பது வங்கியிடம் எடுபடாது. சர்வேயரை வைத்து, கட்டடத்தை ஒட்டிய மிகத் தாழ்ந்த தரைமட்டத்தை அளந்து, ஃபீமாவிடம் திருத்தக் கடிதம் கேளுங்கள்.